தங்கையின் முகம் தேர்தல் விளம்பரத்துக்கு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர், கூடப் பிறந்தவர்களே "இவர் வேண்டாம்" என்று சொல்லும் வேட்பாளருக்கு ஊரார் எதற்கு ஓட்டுப் போட வேண்டும் என்று கேட்டிருந்தார். உறவினர்கள் பேசும் வீடியோக்கள் வருவது நல்லதுதான், அப்போதுதான் ஆளின் நிஜம் வெளியே வரும் என்றும் எழுதியிருந்தார். அவர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் அதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அப்படி ஒரு வீடியோவில் பேசச் சொல்லி என்னிடமே வந்து கேட்டார்கள். கேட்டவர்கள், கேட்டது, அதற்குப் பிறகு நடந்தது எல்லாவற்றையும் நான் பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் வசிக்கிறேன். அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் அண்ணன் 2011-இல் எங்கள் வார்டில் ஜெயித்து 2016 வரை உறுப்பினராக இருந்தார். அதன் பிறகு நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலே நடக்காமல் பல ஆண்டுகள் போயின. கடைசியில் 2022 பிப்ரவரி 19-ஆம் தேதி வாக்குப்பதிவு நடந்தபோது அண்ணன் மறுபடியும் நின்றார். அவர் எந்தக் கட்சி, எதிரில் நின்றவர் எந்தக் கட்சி என்று எழுதப் போவதில்லை. இரண்டு பக்கத்தாரும் இன்றும் எங்கள் தெருவில்தான் இருக்கிறார்கள், பால் வாங்கும் இடத்தில் தினமும் பார்த்துக்கொள்கிறோம்.

பேரூராட்சி வார்டு என்பது சில நூறு வீடுகள்தான். யார் வீட்டில் யாருக்கு யாரோடு மனக்கசப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் அப்பா இறந்த பிறகு வீட்டை அண்ணன் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று சொல்லி, சார்பதிவாளர் அலுவலகத்தில் என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பெண்ணுக்கும் பூர்விகச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. அது எனக்குத் தெரியாமல் இல்லை. என் பங்குக்கு ஒரு தொகை தருவதாக அண்ணன் சொன்னார். பாதிதான் வந்தது. மீதியைப் பற்றி வீட்டில் பேச்செடுத்தால் சண்டையில் முடியும். இது ஊருக்கே தெரிந்த கதை.

பிரசாரம் சூடு பிடித்த நேரத்தில் எதிர் வேட்பாளருக்கு வேலை பார்த்த பையன்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவன் சின்ன வயதிலிருந்தே என்னை அத்தை என்று கூப்பிடுபவன். "அத்தை, முப்பது செகண்ட் பேசினாப் போதும். நாங்களே எழுதிக்கிட்டு வந்துட்டோம்" என்று செல்போனை நீட்டினான். அதில் இருந்தது இதுதான்: நான் இவருடைய சொந்தத் தங்கை. கூடப் பிறந்த எனக்கே பங்கைக் கொடுக்காதவர் உங்களுக்கு என்ன செய்துவிடப் போகிறார்? கடைசியில் நான் கும்பிட வேண்டுமாம்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அண்ணன் யோக்கியர், எதிரிகள் அபாண்டம் சொன்னார்கள் என்று எழுத நான் உட்காரவில்லை. எனக்கு வர வேண்டிய பணம் வரவில்லை என்பது நிஜம், அதில் எனக்கு இன்றும் வருத்தம் இருக்கிறது. இருந்தும் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

காரணம், அந்தப் பையன்களுக்கு என் பங்கைப் பற்றி அக்கறை கிடையாது. அந்தத் தொகை எவ்வளவு என்றுகூட அவர்கள் கேட்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது "தங்கை" என்ற உறவு மட்டும்தான். வேறு யாராவது அதே குற்றச்சாட்டைச் சொன்னால் ஜனங்கள், அப்படியா, என்ன ஆதாரம், இவன் யாருடைய ஆள் என்று கேட்பார்கள். தங்கையே சொல்கிறாள் என்றால் ஒருவரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விகளை எல்லாம் அடைப்பதற்காகத்தான் உறவைக் கொண்டுவருகிறார்கள். அப்புறம், முப்பது விநாடியில் எதைச் சொல்ல முடியும்? பாதிப் பணம் தராத அதே அண்ணன்தான் என் மகளுக்குத் தாய்மாமனாக மடியில் உட்கார வைத்துக் காது குத்தினார். என் வீட்டுக்காரர் மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரி ராத்திரியாக வராண்டாவில் படுத்துக் கிடந்தார். அதனால் பணக் கணக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்லவில்லை. அந்தக் கணக்கை நானும் அவரும்தான் பார்க்க வேண்டும், வேண்டுமானால் கோர்ட் பார்க்கட்டும். வார்டு மக்கள் ஓட்டுப் போட்டுத் தீர்க்கிற விஷயம் இல்லை.

அண்ணனுக்கு எதிராக நான் ஊரறியப் பேசியதே இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவர் உறுப்பினராக இருந்தபோது எங்கள் கீழத் தெருவுக்குச் சாக்கடை கட்டினார்கள். கட்டிய அடுத்த மழைக்கே தண்ணீர் போகாமல் வீட்டு வாசலில் தேங்கியது. மட்டம் சரியில்லை, சரிவு எதிர்ப் பக்கமாக இருக்கிறது என்று கொத்தனார்களே சொன்னார்கள். தெருக்காரர்கள் சேர்ந்து செயல் அலுவலருக்கு மனு எழுதியபோது நானும் கையெழுத்துப் போட்டேன். மேலே யார் பெயர் வருகிறது என்று பார்க்கவில்லை. "தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்னு சொல்லுவாங்க, நீ என்னடான்னா அண்ணன் மேலேயே மனு போடுறியே" என்று பெரியம்மா வீட்டில் என்னைக் கூப்பிட்டு வைத்துக் கேட்டார்கள். அண்ணன் சில மாதங்கள் என்னோடு பேசவே இல்லை. அப்போதும் நான் கையெழுத்தை வாபஸ் வாங்கவில்லை.

ஆகவே என் வாதம், உறவுக்காக வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்பது இல்லை. சாக்கடை ஊர்ப் பணத்தில் கட்டியது. அதைப் பற்றி யாரும் கேட்கலாம், நானும் கேட்டேன், தங்கை என்ற முறையில் அல்ல, வாசலில் தண்ணீர் தேங்கிய ஒரு வீட்டுக்காரியாக. அந்தப் பையன்கள் சாக்கடையைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தால்கூட வீடியோவில் நின்றிருக்க மாட்டேன், ஆனால் மனுவின் நகலை எடுத்துக் கொடுத்திருப்பேன். அதை அவர்கள் கேட்கவே இல்லை. அந்தச் சாக்கடையை எடுத்தால் காண்டிராக்டர் யார் என்ற பேச்சு வரும், அது அவர்கள் பக்கத்துக்கும் சங்கடம் என்று பிறகு தெரிந்தது.

நான் அவ்வளவு உறுதியாக இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2018-இல் மருமகளின் பிரசவத்துக்காக அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் மகன் வீட்டில் இருந்தேன். அங்கே நாடாளுமன்றத் தேர்தல் நேரம். ஒரு விளம்பரம் பெரிய பேச்சாக இருந்தது, மகன் எனக்கு நிறுத்தி நிறுத்தி விளக்கிச் சொன்னான். அந்த மாநிலத்தின் நான்காவது தொகுதியில் குடியரசுக் கட்சி உறுப்பினராக இருந்தவர் பால் கோசார், பல் மருத்துவர். அவரை எதிர்த்து ஜனநாயகக் கட்சி சார்பில் டேவிட் பிரில் என்ற டாக்டர் நின்றார். விளம்பரத்தில் சிலர் வரிசையாக வந்து, கோசார் கிராமத்து ஜனங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை என்கிறார்கள். மருத்துவம், முதியோர் ஓய்வூதியம் பற்றி எல்லாம் பேசுகிறார்கள். யாரோ தொகுதி மக்கள் என்றுதான் நினைப்போம். கடைசியில் ஒவ்வொருவராக, "பால் கோசார் என் அண்ணன்" என்கிறார்கள். அவருடைய உடன்பிறந்தவர்கள் ஒன்பது பேரில் ஆறு பேர் அதில் நின்றார்கள். என் மகன் கைதட்டாத குறை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இவர்களுடைய அம்மா இருக்கிறார்களா என்றுதான் கேட்டேன். இருந்தார். பிள்ளைகள் இப்படிச் செய்தது அதிர்ச்சியாக இருக்கிறது, என் கருத்தும் மூத்த மகனின் கருத்தும் ஒன்றுதான் என்று அந்த அம்மா பத்திரிகையிடம் சொல்லியிருந்தார்.

அவர்கள் சும்மா சொத்துத் தகராறில் வந்தவர்கள் இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2017 ஆகஸ்டில் வர்ஜீனியாவில் சார்லட்ஸ்வில் என்ற ஊரில் வெள்ளை இனவெறிக் கூட்டத்தார் ஊர்வலம் நடத்தினார்கள், அதை எதிர்த்து நின்ற ஒரு பெண் கார் ஏற்றிக் கொல்லப்பட்டார். அந்த ஊர்வலத்தையே இடதுசாரிகள் ஏற்பாடு செய்ததாக இருக்கலாம் என்று கோசார் பேட்டி கொடுத்தார். ஜார்ஜ் சோரோஸ் என்ற யூதப் பணக்காரர், சொந்த ஜனங்களையே நாஜிகளிடம் காட்டிக் கொடுத்தவர் என்றும் சொன்னார். சோரோஸ் 1930-இல் பிறந்தவர். நாஜிகள் ஹங்கேரிக்குள் நுழைந்தபோது அவர் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன். பொறுக்க முடியாமல் கோசாரின் உடன்பிறந்தவர்கள் பலர் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, அந்தத் தொகுதியில் வரும் கிங்மேன் டெய்லி மைனர் என்ற சின்னப் பத்திரிகைக்கு ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார்கள். அண்ணன் சொன்னது அவதூறு, எங்கள் குடும்பப் பெயரில் ஒருவர் இதைச் சொல்லும்போது நாங்கள் பேசாமல் இருக்க முடியாது என்பது அதன் சாரம்.

அந்தக் கடிதத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். அண்ணன் பொதுவெளியில் சொன்ன ஒரு பொய்க்குப் பொதுவெளியில் சொன்ன மறுப்பு அது. யார் சொன்னது, என்ன சொன்னது, ஏன் தவறு என்று எல்லாம் அதில் இருக்கிறது. அண்ணனும் பதில் எழுதலாம், மூன்றாம் மனிதரும் சரிபார்க்கலாம். அடுத்த ஆண்டு வந்த விளம்பரம் வேறு. அதில் முதலில் முகம் வருகிறது, கடைசியில் உறவு வெடிக்கிறது, பார்ப்பவர் மனதில் நிற்பது அந்த வெடிச் சத்தம்தான். மருத்துவத்தைப் பற்றி அவர்கள் என்ன சொன்னார்கள் என்று இன்று யாருக்கு நினைவிருக்கிறது? அதே ஆட்கள், அதே நியாயம். ஆனால் கடிதத்தில் அவர்கள் சாட்சிகளாக இருந்தார்கள், விளம்பரத்தில் இன்னொருவர் கையில் கருவியாகிவிட்டார்கள். கோசார் திருப்பி அடித்ததும் அதே இடத்தில்தான். குடும்பத்தைவிடக் கொள்கையைப் பெரிதாக நினைப்பவர்கள் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டார். சோரோஸ் பற்றி அவர் சொன்ன பொய் அந்தச் சத்தத்தில் காணாமல் போனது. நவம்பரில் ஏறக்குறைய 68 சதவீத வாக்குகளோடு ஜெயித்தார். அதன் பிறகும் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தார். 2021-இல் சக பெண் உறுப்பினரைக் கொல்வது போன்ற ஒரு கார்ட்டூன் வீடியோவைப் போட்டதற்காக அவையே அவரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது.

அதே 2018-இல் பக்கத்து மாநிலமான நெவாடாவில் ஆளுநர் தேர்தலுக்கு ஆடம் லாக்சால்ட் நின்றார். அவருடைய தாத்தா பால் லாக்சால்ட் அங்கே ஆளுநராகவும் செனட்டராகவும் இருந்தவர். உறவினர்கள் 12 பேர் சேர்ந்து ரீனோ கெஜட் ஜர்னல் பத்திரிகையில் கட்டுரை எழுதி, இவர் அந்தப் பதவிக்குத் தகுதியானவர் இல்லை என்றார்கள். உடனே வேறு உறவினர்கள், அவர்களைவிட அதிகம் பேர், ஆதரித்து எழுதினார்கள். அவர் தோற்றார். உறவினர்கள் எழுதியதால்தான் தோற்றார் என்று அளந்து சொல்ல யாராலும் முடியாது. நான் கவனித்தது வேறு. அங்கே இரண்டு பக்கமும் எழுதினார்கள், வாசகர் இரண்டையும் படிக்க முடிந்தது.

கணவன் மனைவிக்குள்ளேயே இது நடந்திருக்கிறது. கெல்லியேன் கான்வே அதிபர் டிரம்பின் ஆலோசகராக வெள்ளை மாளிகையில் இருந்தபோது, அவர் கணவர் ஜார்ஜ் கான்வே 2019 டிசம்பரில் லிங்கன் புராஜெக்ட் என்ற அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். டிரம்பைத் தாக்கி விளம்பரம் எடுப்பதுதான் அந்த அமைப்பின் வேலையே. 2020 ஆகஸ்டில் இருவரும் ஒரே நேரத்தில் தங்கள் பொறுப்புகளிலிருந்து விலகுவதாக அறிவித்தார்கள். பிள்ளைகளைக் கவனிக்க வேண்டும் என்று சொன்னார்கள்.

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஆந்திரா இருக்கிறது. ஜெகன்மோகன் ரெட்டி 2012-இல் கைதாகிச் சிறையில் இருந்தபோது, கட்சியைத் தூக்கி நிறுத்த மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடந்தவர் தங்கை ஷர்மிளா. ஜெகன் அண்ணன் எய்த அம்பு நான் என்று ஊர் ஊராகச் சொன்னார். 2024-இல் அதே ஷர்மிளா ஆந்திர காங்கிரஸ் தலைவராகக் கடப்பா மக்களவைத் தொகுதியில் நின்றார். எதிரில் ஜெகன் கட்சியின் அவினாஷ் ரெட்டி, அவரும் ரத்த உறவு. சித்தப்பா விவேகானந்த ரெட்டி 2019-இல் வீட்டிலேயே வெட்டிக் கொல்லப்பட்ட வழக்கை சிபிஐ விசாரித்துவந்தது. அதில் நியாயம் வேண்டும் என்று ஷர்மிளாவும் இறந்தவரின் மகளும் சேர்ந்து ஓட்டுக் கேட்டார்கள். இதை வீட்டுச் சண்டை என்று ஒதுக்க முடியாது. கொலை பொது விஷயம், சிபிஐ வழக்கு பொது விஷயம். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர், அப்போது முதலமைச்சராக இருந்த ஜெகன், பேசியது என்ன? தங்கை மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு எதிரி வீட்டுக்குப் போனதைப் பற்றிப் பேசினார். மஞ்சள் தெலுங்கு தேசத்தின் நிறம் என்பது கணக்கு. ஒரு பெண் கட்டிய சேலையை மேடையில் இழுத்து, இவள் எங்கள் அப்பாவின் வாரிசா என்று கேட்டதைப் படித்தபோது எனக்கு வந்த ஆத்திரம் இப்போதும் அடங்கவில்லை. இவர்களைப் பெற்ற விஜயம்மா என்ன செய்வார்? கடைசியில் அமெரிக்காவிலிருந்து வீடியோ வெளியிட்டு மகளுக்கு ஓட்டுப் போடச் சொன்னார். பெற்ற தாயே சொல்லியும் கடப்பாவில் ஷர்மிளா மூன்றாவது இடத்துக்குத்தான் வந்தார். ஜெகன் கட்சியும் சட்டமன்றத்தில் 175-க்கு 11 இடத்தோடு ஆட்சியை இழந்தது.

இப்படித்தான் நடக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. நம் குமரி அனந்தன் வாழ்நாள் முழுக்கக் காங்கிரஸ் வழியில் வந்தவர், 1977-இல் நாகர்கோவில் எம்.பி.யாக இருந்தவர். மகள் தமிழிசை 2014-இல் பா.ஜ.க. மாநிலத் தலைவரானார். சித்தப்பா வசந்தகுமார் கன்னியாகுமரியில் பா.ஜ.க.வை எதிர்த்துக் காங்கிரஸ் வேட்பாளராக நின்று 2019-இல் ஜெயித்தார். கொள்கையில் இவ்வளவு தூரம் விலகிய ஒரு குடும்பத்தில் அப்பாவை விட்டு மகளையோ, மகளை விட்டு அப்பாவையோ திட்ட வைத்து விளம்பரம் எடுத்ததாக எனக்கு நினைவில்லை. எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். நான் மாட்டேன் என்றதோடு அது முடிந்துவிடவில்லை. என் மகள் கல்யாணத்தில் எடுத்த குடும்பப் போட்டோ ஒன்று யாரிடமிருந்தோ கிடைத்திருக்கிறது. அதில் என் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "தங்கைக்கே பங்கு தராதவர் வார்டுக்கு என்ன தருவார்?" என்று எழுதி வாட்ஸ்அப்பில் விட்டார்கள். அந்தப் படத்தில் என் மகள் மணக்கோலத்தில் நிற்கிறாள். மாப்பிள்ளையின் அம்மா, அப்பா எல்லோரும் நிற்கிறார்கள். அடுத்த நாளே அது சம்பந்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. உங்கள் வீட்டில் இப்படி ஒரு தகராறு இருப்பதை ஏன் சொல்லவில்லை என்று என் மகளைக் கேட்டிருக்கிறார்கள். தேர்தலுக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்? அவளுக்கு ஓட்டே வேறு மாவட்டத்தில்.

போட்டோவைக் கொடுத்தது நான்தான் என்று அண்ணன் நம்பினார். அவர் தோற்றுப் போனார், கொஞ்ச ஓட்டு வித்தியாசம். அந்தப் படத்தால் தோற்றாரா, சாக்கடையால் தோற்றாரா என்று எனக்குத் தெரியாது. அடுத்த பொங்கலுக்கு அண்ணன் வீட்டுச் சீர் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து பானையும் கரும்பும் மஞ்சள் கொத்துமாக வந்துகொண்டிருந்தது, எங்கள் மனு விவகாரத்தின்போதுகூட நிற்கவில்லை. பிறகு உண்மை தெரிந்து பேசத் தொடங்கினோம். இந்தக் கடிதத்தை அனுப்புவதற்கு முன்னால் அவரிடம் படித்துக் காட்டினேன். பங்கு விஷயம் வரும் இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் அதை எடுக்கச் சொல்லவில்லை. சாக்கடையைப் பற்றித்தான் என்னோடு வாதாடினார்.

அந்தப் படம் வந்த அன்றே தேர்தல் வேலையில் இருந்த ஓர் அதிகாரியிடம் புகார் சொல்லப் போனேன். அனுப்பியது யார் என்று சொல்லுங்கள் என்றார். அதைத்தானே நான் கேட்கப் போனேன்? தேர்தல் நடத்தை விதிகளில் மிகத் தெளிவாக இருக்கிறது, பொது வாழ்க்கையோடு தொடர்பில்லாத சொந்த வாழ்க்கை விஷயங்களை வைத்து மற்ற கட்சியினரை விமர்சிக்கக் கூடாது என்று. இந்த விதிகளுக்கு ஆரம்பம் 1960-இல் கேரளத் தேர்தலில் கட்சிகள் ஒப்புக்கொண்ட ஒழுங்குமுறை என்பார்கள். சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் துண்டறிக்கை, சுவரொட்டி அடித்தால் அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் போட வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 127-ஏ பிரிவு இருக்கிறது. டிவி விளம்பரங்களுக்கு முன்அனுமதி வாங்க வேண்டும் என்று 2004-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அமெரிக்காவில்கூட, இவ்வளவு பணம் புரளும் நாட்டில், இந்த விளம்பரத்துக்கு நான் ஒப்புதல் கொடுத்தேன் என்று வேட்பாளர் தன் குரலிலேயே சொல்ல வேண்டும் என 2002-இல் சட்டம் போட்டார்கள். கோசாரின் தம்பி தங்கைகள் பேசிய விளம்பரத்திலும் பிரில் அப்படிச் சொல்கிறார். என் முகத்தைச் சுற்றி வட்டம் போட்டவனுக்குப் பெயரே இல்லை.

2024 மக்களவைத் தேர்தலின்போது திரிணமூல் காங்கிரசைப் பற்றி பா.ஜ.க. கொடுத்த சில பத்திரிகை விளம்பரங்களுக்குக் கல்கத்தா உயர் நீதிமன்றம் தடை போட்டதும், உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்ததும் உங்களுக்குத் தெரியும். பெரிய கட்சிக்கு வக்கீல் வைக்க முடியும். பேரூராட்சி வார்டில் ஒரு வேட்பாளரின் தங்கை எந்த நீதிமன்றத்துக்குப் போவாள்? படம் மத்தியானம் வந்தது, அன்று இரவுக்குள் வார்டு முழுக்கப் பார்த்து முடித்துவிட்டது.

ஆகவே மாநிலத் தேர்தல் ஆணையத்திடம் நான் கேட்பது, வேட்பாளரின் உறவினரை வைத்தோ உறவினரின் படத்தை வைத்தோ வரும் எந்தப் பிரசாரத்துக்கும் அதைச் செய்தவர் பெயரும் காசு கொடுத்தவர் பெயரும் இருக்க வேண்டும், படத்தில் இருக்கும் உறவினரின் எழுத்து மூலமான சம்மதமும் வேண்டும். இல்லையென்றால் எந்த வேட்பாளருக்கு அதனால் லாபமோ அவரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். உறவினர் தானாக முன்வந்து, ஊர்ப் பணத்தைப் பற்றியோ ஒரு குற்றத்தைப் பற்றியோ பேசினால் அதைத் தடுக்கக் கூடாது. விவேகானந்த ரெட்டியின் மகளை யாரும் வாயடைக்க நான் சொல்ல மாட்டேன்.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். கோசார் விளம்பரம் அரிசோனா டிவியில் ஓடிய காசுக்கு எத்தனையோ மடங்கு, உலகம் முழுக்கப் பத்திரிகைகள் அதைச் செய்தியாக்கி இலவசமாகப் பரப்பின. எங்கள் ஊரில் என் படத்தையும், "அண்ணனுக்கு எதிராகத் தங்கை" என்று தலைப்புப் போட்டு ஒரு மாலைப் பத்திரிகை வெளியிட்டது. அதன் நிருபர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் வீடு பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். உங்கள் நாளிதழ் அப்படிச் செய்யாது என்ற நம்பிக்கையில்தான் உங்களுக்கு எழுதுகிறேன். உறவினர் ஒருவர் வேட்பாளருக்கு எதிராகப் பேசும் வீடியோ வந்தால், அவரை நேரில் பார்க்காமல், பேசியது பொது விஷயமா என்று பார்க்காமல், இன்னொரு பக்கத்தைக் கேட்காமல் போட மாட்டோம் என்று நீங்கள் அறிவிக்கலாம்.

2022-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட பேரூராட்சி மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027-இல் முடிகிறது. அப்போது மறுபடியும் இந்தப் பையன்களோ இவர்களைப் போன்றவர்களோ யார் வீட்டுக் கதவையாவது தட்டுவார்கள். அதற்கு முன்னால் உங்கள் நிருபர்கள் ஒரு வேலை செய்யலாம். ஒவ்வொரு வார்டிலும் என்ன வேலை நடந்தது, மதிப்பீடு எவ்வளவு, பில் எவ்வளவு, காண்டிராக்ட் யாருக்குப் போனது என்பதெல்லாம் பேரூராட்சி அலுவலகத்தில் ரெக்கார்டாக இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி யாரும் கேட்கலாம். எங்கள் பேரூராட்சிக்கு விண்ணப்பம் எழுதித் தர நான் தயார். கீழத் தெருச் சாக்கடையிலிருந்து தொடங்கட்டும். அண்ணனுக்கும் அதில் ஆட்சேபணை இல்லை என்று சொல்லிவிட்டார்.

பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். வார்டு அடையாளம் தெரிந்துவிடும் என்பதாலும், என் மகள் பெயர் மறுபடி அடிபடக் கூடாது என்பதாலும் அவற்றை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திண்டுக்கல் மாவட்டம்